பேக்கப்புக்கு மூன்று கொட்டேஷன்: எதை எடுப்பது?

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் என் ஒருவன் தலையில். மூன்று சர்வர்கள் உண்டு. ஒன்றில் கணக்கு மென்பொருளும் அதன் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸும். இன்னொன்றில் எல்லோரும் பயன்படுத்தும் கோப்புகள், சுமார் 3 டெராபைட். மூன்றாவது லினக்ஸ், வாடிக்கையாளர் ஆர்டர்களை வாங்கும் வெப் அப்ளிகேஷன் அதில் ஓடுகிறது, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். எல்லாவற்றிலும் ரெய்டு (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்ப்பது) போட்டிருக்கிறேன். தினமும் இரவு 11 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) நகல் எடுக்கிறது. தெரிந்த ஒரு நிறுவனத்தை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) தாக்கியதிலிருந்து முதலாளிக்குத் தூக்கம் இல்லை. 'நம்பகமான சிஸ்டம் ஒன்று பாருங்கள்' என்கிறார். மூன்று கொட்டேஷன் வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன்: முழுக்க கிளவுட் பேக்கப், மென்பொருளோடு சேர்ந்து வரும் பேக்கப் பெட்டி, மென்பொருள் லைசென்ஸும் காந்த டேப்பில் பதியும் டேப் டிரைவும். எது நம்பகமானது? டேப் எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறதா? இலவச மென்பொருளை வைத்து நானே செய்துவிட முடியாதா?

பதில்: மூன்றில் எதற்கும் இந்த வாரம் ஆர்டர் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய கொட்டேஷன்களைப் பார்த்தேன். டிஸ்க் அளவு இருக்கிறது, லைசென்ஸ் எண்ணிக்கை இருக்கிறது, வருடாந்திரப் பராமரிப்பும் இருக்கிறது. கணக்கு சர்வர் ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவே இல்லையென்றால் எத்தனை மணி நேரத்தில் அதைத் திரும்ப ஓட வைக்க முடியும் என்று மூவரில் ஒருவரும் எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கணக்கை முதலில் போட வேண்டியது உங்கள் பக்கம்.

முதலாளியோடும் கணக்குப் பிரிவைப் பார்ப்பவரோடும் அரை மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டே கேள்வி. எவ்வளவு நேரத்து வேலை தொலைந்துபோனால் திரும்பக் கையால் பதிந்து சமாளிக்க முடியும்? சர்வரே இல்லாமல் எவ்வளவு நேரம் ஓட்ட முடியும்? முதலாவதை ஆர்பிஓ என்றும் இரண்டாவதை ஆர்டிஓ என்றும் விற்பனையாளர்கள் சொல்வார்கள். முதலாளி எடுத்த எடுப்பில் 'ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது' என்பார். எல்லா முதலாளிகளும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்கு இரண்டாவதாக ஒரு முழு சர்வர் செட்டே வேண்டியிருக்கும் என்று சொன்னதும் தானே இறங்கி வருவார். எந்த எண்ணில் நிற்கிறாரோ அதை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் ஊகம் இது: கோப்பு சர்வரில் ஒரு நாள் வேலை போனால் எரிச்சலோடு தாங்கிக்கொள்வீர்கள். கணக்கில் ஒரு மணி நேரம் போகலாம். ஆர்டர் வாங்கும் லினக்ஸ் சர்வரில் அரை மணி நேரம் போனாலும் சிக்கல், ஏனென்றால் அந்த ஆர்டர்கள் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. வாடிக்கையாளர் கூப்பிட்டுத் திட்டினால்தான் தெரியவரும். இப்போதைய ஏற்பாட்டில், மாலை 6 மணிக்கு அந்த சர்வர் போனால் முந்தைய இரவு 11 மணிக்குப் பிறகு வந்த 19 மணி நேரத்து ஆர்டர்கள் போச்சு. மூன்று சர்வருக்கும் ஒரே அட்டவணை என்ற எண்ணத்தை விடுங்கள்.

டேட்டாபேஸுக்கு வழி ஏற்கெனவே அதற்குள்ளேயே இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் ரிகவரி மாடலை ஃபுல் என்று வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை டிரான்ஸாக்‌ஷன் லாகை (ஒவ்வொரு மாற்றமும் வரிசையாகப் பதிவாகும் ஃபைல்) பேக்கப் எடுக்கலாம். போஸ்ட்கிரெஸில், அதன் மாற்றப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் வால் ஆர்க்கைவிங் அதே வேலையைச் செய்யும். இரண்டிலும் 'மதியம் 2:40க்கு இருந்த நிலைக்குக் கொண்டுபோ' என்று கேட்க முடியும். யாரோ தவறுதலாக ஒரு டேபிளையே அழித்துவிட்டால், அதற்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்பலாம். ஃபுல் மாடலுக்கு மாறியபின் லாக் பேக்கப் எடுக்க மறந்தீர்களானால் லாக் ஃபைல் வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பி சர்வரையே நிறுத்திவிடும். அப்புறம், கணக்கு மென்பொருள் தன் பாட்டுக்கு லாக் பேக்கப் எடுக்கிறதா என்று பாருங்கள். அதுவும் புதிய மென்பொருளும் ஆளுக்குப் பாதி லாகை எடுத்தால் சங்கிலி இரண்டாகப் பிரிந்துவிடும். மீட்கும் நேரத்தில் ஒரு பாதி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். இரண்டில் ஒன்றுதான் லாகைத் தொட வேண்டும்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட். அது என்ன செய்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி அடிக்கிறது என்றால், அந்த நகலை வைத்து டேட்டாபேஸ் எழுந்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. காப்பி நடக்கும்போதே உள்ளே எழுதிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஃபைல் 11:02க்கும் இன்னொன்று 11:20க்கும் உரியதாக இருக்கும். போஸ்ட்கிரெஸின் சொந்தக் கருவிகளான பிஜி டம்ப் அல்லது பிஜி பேஸ்பேக்கப் வழியாக எடுக்க வேண்டும். விண்டோஸில் இதே காரணத்துக்காகத்தான், ஓடும் சர்வரை ஒரே கணத்து நிலையில் நகலெடுக்க உதவும் விஎஸ்எஸ் வசதி இருக்கிறது. மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். இன்னொன்று, ஸ்கிரிப்ட் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்துகிறது என்றால், அதில் டெலீட் ஆப்ஷன் (மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிப்பது) போட்டிருக்கிறீர்களா? அப்படியென்றால் பகலில் யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் இரவு 11 மணிக்கு நாஸிலும் அது போய்விடும். ரான்சம்வேர் பூட்டிய கோப்புகளும் நல்ல கோப்புகளின் மேல் ஒழுங்காக நகலாகும். ரெய்டும் இதே ரகம்தான். டிஸ்க் ஒன்று செத்தால் காப்பாற்றும். தவறாக அழித்ததை எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழித்துத் தரும்.

முதலாளியின் பயத்துக்கு வருகிறேன். மூன்று கொட்டேஷனையும் தரம் பிரிப்பது இந்த இடம்தான்.

ரான்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைந்த உடனே கோப்புகளைப் பூட்டுவதில்லை. அட்மின் பாஸ்வேர்டைப் பிடிக்கிறார்கள், பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள், அதை முதலில் அழிக்கிறார்கள். விண்டோஸ் தானே வைத்திருக்கும் பழைய நிலை நகல்களான ஷேடோ காப்பிகளை அழிக்க ஒரு வரிக் கட்டளை போதும். உங்கள் நாஸ் டொமைனில் (எல்லா மெஷின்களின் லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) சேர்ந்திருக்கிறது, அதே அட்மின் பாஸ்வேர்டில் திறக்கிறது என்றால், வீட்டுச் சாவியையும் லாக்கர் சாவியையும் ஒரே கொத்தில் போட்டு வாசலில் தொங்கவிட்ட மாதிரி. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின், டொமைனை நடத்தும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்கள் உலகம் முழுக்க அழிந்தன. அவை ஒன்றுக்கொன்று நகலாக இருந்தன, அதுவே போதும் என்று இருந்துவிட்டார்கள். கானாவில் இருந்த ஒன்று மட்டும், அந்த நேரம் பார்த்து மின்சாரம் இல்லாமல் நெட்வொர்க்கில் இருந்து விலகி இருந்ததால் பிழைத்தது. அதை வைத்துத்தான் மீண்டும் கட்டினார்கள். கிளவுடிலும் கதை வேறல்ல. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கன்ட்ரோல் பேனல் ஒருவன் கையில் சிக்கியது. சர்வர்கள், ஸ்னாப்ஷாட்கள் (ஒரு கணத்து நிலையின் நகல்கள்), பேக்கப்புகள் எல்லாம் அந்த ஒரே பேனலுக்குள் இருந்தன. பெரும்பாலானதை அவன் அழித்தான். நிறுவனம் கடையை மூடியது.

ஆகவே மூவரிடமும் இதைக் கேளுங்கள்: 'என்னிடம் இருக்கும் எல்லா பாஸ்வேர்டும் திருடன் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது நாள் பழைய நகலை அவனால் அழிக்க முடியுமா?' முடியாது என்று சொன்னால் போதாது, டெமோவில் உங்கள் கண் முன்னால் அழிக்க முயன்று காட்டச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் சந்தோஷமாகச் செய்வார். மழுப்புகிறவரைத் தள்ளிவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

பதில் சொல்லும்போது 'இம்யூட்டபிள்' என்ற சொல் கண்டிப்பாக வரும். குறித்த காலம் வரை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாத நகல் என்று அர்த்தம். அதிலும் தரம் உண்டு. அமேசான் எஸ்3 சேமிப்பில் ஆப்ஜெக்ட் லாக் என்ற வசதியில் கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்று இரண்டு முறை இருக்கிறது. கவர்னன்ஸ் முறையில் போட்ட பூட்டை, தனி அனுமதி உள்ள அட்மின் விலக்கிவிடலாம். கம்ப்ளையன்ஸில் போட்டதைக் கணக்கின் முழு அதிகாரமும் உள்ள ரூட் யூசராலும் காலம் முடியும்வரை தொட முடியாது. எது என்று எழுத்தில் வாங்குங்கள். அலுவலகத்தில் வைக்கும் பெட்டி என்றால், அதன் ரிமோட் மேனேஜ்மென்ட் கன்சோலும் (தூரத்திலிருந்து பெட்டியையே இயக்கும் வழி) எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று கேளுங்கள். மென்பொருளில் எத்தனை பூட்டு போட்டாலும், கன்சோல் வழியாக உள்ளே வந்தவன் டிஸ்க்கையே ஃபார்மேட் செய்துவிட்டுப் போவான். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பேக்கப் சர்வரை டொமைனில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி பாஸ்வேர்டு, போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு, மென்பொருள் அப்டேட் எல்லாம் வேண்டும். அப்டேட்டை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பேக்கப் மென்பொருளே இப்போது நுழைவாசலாகிவிட்டது. 2024 செப்டம்பரில் வீம் என்ற பேக்கப் மென்பொருள் நிறுவனம் தன் மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது. அப்டேட் செய்யாதவர்களை அடுத்த சில வாரங்களிலேயே அகிரா, ஃபாக் ரான்சம்வேர்க்காரர்கள் அந்த வழியாகப் பிடித்தார்கள்.

இனி கொட்டேஷன்கள். முதலாவது, முழுக்க கிளவுட். உங்கள் இன்டர்நெட் லைன் வினாடிக்கு 100 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 12.5 மெகாபைட். 3 டெராபைட்டைத் திரும்ப இறக்க, லைன் முழு வேகத்தில் ஒரு நிமிஷமும் தடைபடாமல் ஓடினாலே 66 மணி நேரத்துக்கு மேல், கிட்டத்தட்ட மூன்று நாள். ஒரு ஜிகாபிட் லைன் என்றால் 7 மணி நேரத்துக்குள். முதலாளி எழுதிக் கொடுத்த எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், முடிவு தானே தெரியும். டிஸ்க்கில் போட்டு அனுப்பும் வசதி சில நிறுவனங்களிடம் உண்டு. அதற்கு எத்தனை நாள், வெளியே எடுக்கும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கிளவுட் என்றால் எரியாது, அழியாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று முழுதாக எரிந்தது. சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு இரண்டுமே மிஞ்சவில்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் சிஸ்டம், ஆரம்பத்தில் நிரப்பப்படாமல் விட்டுப்போன ஒரு அமைப்பினால் மொத்தமாக அழிக்கப்பட்டது. இரண்டு இடங்களில் இருந்த நகல்களும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் தனியாக பேக்கப் வைத்திருந்தது மீட்புக்கு உதவியது. கிளவுடை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே கம்பெனி, ஒரே கணக்கு என்று இருக்கக் கூடாது.

மூன்றாவது கொட்டேஷன், டேப். இருக்கிறதா என்று கேட்டீர்கள், நன்றாகவே இருக்கிறது. எல்டிஓ என்ற டேப் வகையின் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 டேப் ஒன்றில் கம்ப்ரஷன் இல்லாமலே 18 டெராபைட் போடலாம், வினாடிக்கு 400 மெகாபைட் வரை எழுதும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் 0.02 சதவீதம் பயனாளர்களின் மெயில்கள் காணாமல் போயின. பல டேட்டா சென்டர்களில் இருந்த நகல்களையும் அதே பிழை தொட்டுவிட்டதால், கூகுள் டேப்பிலிருந்துதான் அவற்றை மீட்டது. டிரைவிலிருந்து வெளியே எடுத்து வைத்த டேப்பை எந்த ஹேக்கரும் தொட முடியாது. ஆனால் உங்களுக்கு இது தேவையில்லை. மொத்தமே 3 டெராபைட்டும் சில்லறையும்தான். டிரைவ் பழுதானால் அதே டேப்பைப் படிக்க இன்னொரு டிரைவ் தேட வேண்டும். எல்டிஓ-9 டிரைவ் தன் தலைமுறையையும் எல்டிஓ-8ஐயும் தவிர வேறெதையும் படிக்காது. தினமும் டேப் மாற்ற ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான். டேப் தரும் முக்கியமான நன்மை, நெட்வொர்க்கைத் தொடாமல் ஒரு நகல் இருப்பது. உங்கள் அளவுக்கு மூன்று வெளி ஹார்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலே அது கிடைக்கும். இந்தக் கொட்டேஷனை மூடி வையுங்கள்.

இலவச மென்பொருள் என்றதும் 'நம்பகம் இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரெஸ்டிக், போர்க், புராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் மூன்றுமே திறமான கருவிகள். உங்கள் லினக்ஸ் சர்வருக்கு ரெஸ்டிக் தாராளமாகப் போதும். பழையதை அழிக்க முடியாமல் சேர்க்க மட்டுமே விடும் முறையிலும் அதை அமைக்கலாம். ஆனால் விண்டோஸ் சர்வரை வெறும் இயந்திரத்தில் முழுதாக எழுப்புவது அதன் பலம் இல்லை. வீமின் இலவசப் பதிப்பு 10 சர்வர் வரை அனுமதிக்கிறது, அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எனக்கு இருக்கும் தயக்கம் மென்பொருளைப் பற்றியது இல்லை. நீங்கள் ஒரே ஆள். நீங்கள் லீவில் இருக்கும்போது சர்வர் போனால், ரெஸ்டிக் கட்டளையை யார் அடிப்பார்கள்? காசு கொடுத்து வாங்கும்போது, நடுராத்திரி கூப்பிட ஒரு எண் கிடைக்கிறது. அதனால் விண்டோஸ் சர்வர்கள் இரண்டுக்காவது காசு கொடுத்து வாங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

ஆக என் தேர்வு இரண்டாவது, பேக்கப் பெட்டி, சில நிபந்தனைகளோடு. அலுவலகத்துக்குள்ளேயே இருப்பதால் மீட்பு வேகமாக நடக்கும். அதிலிருந்து இன்னொரு நகல், பூட்டு போட்ட கிளவுட் சேமிப்புக்குத் தினமும் போக வேண்டும். முதல் கொட்டேஷன்காரரிடம் சேமிப்பை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேளுங்கள். கணக்கும் பாஸ்வேர்டும் தனியாக இருக்கட்டும். மூன்று நகல், இரண்டு வகை சாதனம், ஒன்று வெளியே என்று 3-2-1 விதி சொல்வார்களே, அது இதில் அடங்கிவிடுகிறது. எவ்வளவு நாள் பழைய நகல் வேண்டும் என்பதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். உள்ளே வந்தவன் பல வாரம் சத்தமில்லாமல் இருக்கலாம். அழிந்துபோன கணக்கு ஃபைலை ஆடிட் வரும்போதுதான் தேடுவார்கள். தினசரி நகல் 14, வாராந்திரம் 8, மாதாந்திரம் 12 என்று வைத்தால் உங்கள் அளவுக்குப் பொருந்தும். முதல் கொட்டேஷனில் 30 நாள்தான் என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் பார்த்தீர்களா?

பணம் கொடுப்பதற்கு முன் டிரையல் கேளுங்கள், பெரும்பாலும் 30 நாள் தருவார்கள். அந்த நாட்களில் பேக்கப் எப்படி ஓடுகிறது என்று வேடிக்கை பார்க்காமல், மீட்டுப் பாருங்கள். பத்து நாள் முன்பு இருந்த ஒரு எக்செல் ஃபைலை எடுங்கள், இது சுலபம். கணக்கு டேட்டாபேஸை வேறு மெஷினில் எழுப்பி, கணக்குப் பிரிவு ஆளையே உட்கார வைத்து நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்து 'திறக்கிறது' என்று சொல்வதில் பயனில்லை, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் பார்க்க வேண்டும். அப்புறம் முழு சர்வரையும், பிராண்டே வேறான ஒரு வெற்று மெஷினில் எழுப்புங்கள், மெயின் நெட்வொர்க்கோடு இணைக்காமல். கடிகாரம் வைத்து நேரம் குறியுங்கள். முதலாளி எழுதிக் கொடுத்த எண்ணுக்குள் வருகிறதா? வராவிட்டால் கொட்டேஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது. வாங்கிய பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், அதில் ஒரு தடவையாவது நீங்கள் கை வைக்காமல் இன்னொருவர் பேப்பரைப் பார்த்துச் செய்யட்டும்.

அந்தப் பேப்பரில் என்கிரிப்ஷன் கீயும் இருக்க வேண்டும். பேக்கப்பைப் பூட்டிய கீ, செத்துப்போன சர்வருக்குள்ளேயே இருந்தால் எந்தக் கம்பெனியாலும் திறந்து தர முடியாது. அச்செடுத்து, ஒன்று முதலாளியின் பெட்டகத்தில், இன்னொன்று வேறு கட்டிடத்தில்.

எச்சரிக்கை மெயிலையும் அதிகம் நம்ப வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். மீட்கப் போனால், வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பிஜி டம்ப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, காரணம் டேட்டாபேஸின் பதிப்பு 9.6, டம்ப் எடுத்த கருவியின் பதிப்போ 9.2. தோற்ற செய்தி மெயிலாகப் போனது. அனுப்பியவரைச் சரிபார்க்க முடியவில்லை என்று மெயில் சர்வர் அதைத் திருப்பிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் தப்பினார்கள். ஆகவே தோல்விக்கு மெயில் வரும் என்று காத்திருக்காமல், 26 மணி நேரத்துக்குள் வெற்றிச் செய்தி வரவில்லையென்றால் போனில் அலறும்படி வையுங்கள். நேற்று 40 ஜிபி இருந்த நகல் இன்று 40 கேபி என்றாலும் அலற வேண்டும்.

கொட்டேஷன், டிரையல், பேச்சுவார்த்தை என்று எப்படியும் ஒரு மாதம் ஓடிவிடும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். இன்றைக்கே நாஸை டொமைனிலிருந்து விலக்கி பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்கிரிப்ட்டில் டெலீட் ஆப்ஷன் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் திருத்தாதீர்கள். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பில், ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டின் மேல் புதிய பதிப்பை எழுதியதால், பழைய லாக்குகளை அழிக்க வேண்டிய அது 77 டெராபைட் ஆராய்ச்சிக் கோப்புகளை அழித்தது. பிறகு இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி, இந்த வெள்ளிக்கிழமை ஒன்றில் மூன்று சர்வரின் நகலையும் எடுத்து, கேபிளைப் பிடுங்கி அலமாரியில் பூட்டுங்கள். அடுத்த வெள்ளி அடுத்த டிஸ்க்.